பூட்டிய பதிவேடு, திறந்து கிடக்கும் சேரி

சுந்தரபாண்டியபுரம் என்று செல்பேசியில் தேடிப் பாருங்கள். சூரியகாந்தி வரும். மேற்கே மலை, மேலே சாரல் மேகம், கீழே மஞ்சள் வயல். 'ரோஜா' படத்தின் காட்சிகளை இங்கே எடுத்தார்கள் என்ற தகவல் வரும். சினிமா முகங்களை வரைந்து வைத்திருக்கும் பாறை வரும். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள், கேரளத்திலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் எடுத்த படங்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. சில படங்களின் ஓரத்தில் வயல் வேலை செய்யும் பெண்கள் குனிந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இப்போது அதே செல்பேசியில் அந்த வயல்கள் யாருடையவை என்று தேடிப் பாருங்கள். அரசின் இணைய சேவையில் சர்வே எண்ணோ பட்டா எண்ணோ தெரிந்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். ஊர் முழுக்க யாரிடம் எவ்வளவு நிலம், நூறு ஆண்டுகளில் எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது மட்டும் வராது. வேலை செய்கிறவரின் முகம் உலகத்துக்கே தெரிகிறது. நிலத்தின் பதிவேடு கிராம நிர்வாக அலுவலக அலமாரியில் இருக்கிறது.

கூட்டங்களில் மாணவத் தோழர்கள் எங்களிடம் கேட்பது உண்டு. தனியுரிமை, கட்டற்ற மென்பொருள், இணையத்தில் கருத்துரிமை, இதெல்லாம் பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் பிரச்சினை இல்லையா, குடிநீர்த் தொட்டிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடுகிற நமக்கு இதில் என்ன? நாங்களும் சில ஆண்டுகள் முன்புவரை ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தோம். நினைப்பு மாறியதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஒன்று.

2022 செப்டம்பர். சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வருகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்கள் தெருவுக்கு எதுவும் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்கிற முகத்தோடு திரும்பிப் போகிறார்கள். இதைச் செல்பேசியில் படம் பிடித்தது வேறு யாருமில்லை, கடைக்காரரேதான். தன் ஆட்களுக்குப் பெருமையாக அனுப்பி வைத்தார். ஒரு பழைய மோதல் வழக்கைத் திரும்பப் பெற நம் மக்கள் சம்மதிக்காததுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னணி என்று அன்றைய செய்திகள் சொல்லின.

காணொளி வெளியே கசிந்தது. நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 10 என்று ஒன்று இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்படி சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்விலக்கு செய்தவர்களே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்த வகையில் காணொளி நமக்கு உதவியது, மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகம்? எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 சொல்கிறது. நமக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஆத்திரத்தில் நாங்களும் அந்தக் காணொளியை அப்படியே பகிர்ந்தோம்.

ஒரு பக்கம் பெருமைக்காகப் படம் பிடிக்கிறான். மறுபக்கம் நியாயத்துக்காகப் பரப்புகிறோம். இரண்டிலும் கேட்கப்படாமல் விடப்பட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இதைப் புரிந்துகொள்ள வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நம்மைப் பற்றிய தகவல் எப்போது நம் கையில் இருந்தது?

1980 வரை கிராமத்தின் எழுத்து கர்ணத்தின் வீட்டில் இருந்தது. நிலக்கணக்கு, பிறப்பு இறப்பு, வரி எல்லாம் அவர் கையெழுத்து. பரம்பரை பரம்பரையாக எழுதத் தெரிந்த சாதிகள் பிடித்து வைத்திருந்த வேலை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. இன்று நாம் பார்க்கும் கிராம நிர்வாக அலுவலர் முறை அதன் பிறகு வந்தது. நம் தாத்தாக்கள் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை. கேட்டதும் உண்மைதானா என்று சரிபார்க்க வழியில்லை.

1892 செப்டம்பர் 30இல் சென்னை மாகாண அரசு போட்ட ஆணை எண் 1010, அந்த எழுத்துக்குள் புகுந்து காணாமல் போன ஒன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். வேறு சாதியாருக்கு விற்றால் செல்லாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். கொடுத்ததும் பதிவேட்டில், பறித்ததும் பதிவேட்டில். 1994 அக்டோபர் 10இல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் சாதாரண ஆள் பத்து ரூபாய் கட்டி, இந்த சர்வே எண் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்க முடிந்தது. பஞ்சமி நில மீட்பில் அந்த மனுக்கள் செய்த வேலை பெரிது.

நிலத்தின் பதிவேடு இப்படிப் பூட்டியிருந்த அதே காலத்தில் நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் கேள்வியாக இருந்தது. தென்காசி வட்டாரத்தில் இதற்கு மீனாட்சிபுரத்தைவிட வேறு சான்று வேண்டாம். 1981 பிப்ரவரி 19இல் அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. தீண்டாமையும் போலீஸ் துன்புறுத்தலும் தாங்காமல் எடுத்த முடிவு. அதுவரை அந்த ஊர் டெல்லியில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த மறுவாரத்திலிருந்து நிருபர்கள், அதிகாரிகள், ஆரிய சமாஜத்தார், வாஜ்பாய் உள்ளிட்ட தலைவர்கள் என்று வரிசை. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு பணம் வாங்கினீர்கள்? வளைகுடாப் பணம் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை உலவுகிறது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஓர் ஆதிக்க சாதிக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு தேசமே கேட்டதாக நமக்குத் தெரியவில்லை.

இது கேள்வியோடு நிற்பதில்லை, தாலுகா அலுவலகக் கோப்பில் ஏறுகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவர், இஸ்லாமியர் இன்னும் வெளியே. ஆகவே சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கிற நம் பிள்ளையின் வழிபாட்டை விசாரிக்க அரசுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. 2024 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவர் உண்மையில் கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றுகிறாரா என்று ஆராய்ந்து அவர் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள் தோழர்களே.

இந்த இடத்தில்தான் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். கதை வருகிறது. இன்றைய மாணவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1990ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரிவில் ஐ.ஏ.எஸ். ஆனவர் சி. உமாசங்கர். தலித். 1990களின் நடுவில் மதுரையில் இருந்தபோது சுடுகாட்டுக் கூரை அமைத்ததில் ஊழல் என்று அவர் எழுப்பிய புகார் உயர் நீதிமன்றம் போய், சி.பி.ஐ. விசாரணை வரை சென்றது. பதவியில் இருந்துகொண்டே ஆளும் அரசுக்கு எதிராக இப்படி ஓர் அதிகாரி போவது அப்போது கேள்விப்படாதது. பிறகு திருவாரூர் ஆட்சியராகப் போனார். நிலப் பதிவு, சான்றிதழ், முதியோர் உதவித்தொகை இவற்றைக் கணினிக்குக் கொண்டுவந்து, தாலுகா அலுவலகத்தில் நாட்கணக்கில் நிற்கிற ஏழையின் காத்திருப்பைக் குறைத்தார். கர்ணத்தின் வாரிசுகளிடமிருந்து எழுத்தை வெளியே எடுத்த வேலை என்று நாங்கள் இதைப் பார்க்கிறோம். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டாரா என்பது வேறு.

2006வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஆனார். தமிழ்நாட்டு அரசுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கிற நிறுவனம் அது. அங்கேதான் பெரிய முடிவை எடுத்தார். விண்டோஸை விட்டுவிட்டு சூசே லினக்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதில் ஓப்பன் ஆபீஸ். முதலில் தன் மடிக்கணினியில் தானே போட்டுப் பார்த்து, பிறகு எல்காட் அலுவலகம் முழுக்க மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போனது.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று கேட்கிற தோழர்களுக்கு: ஒரு மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பது அதன் மூலநிரலில் எழுதியிருக்கும். தனியார் நிறுவனங்கள் அதைப் பூட்டி வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு மட்டும் உரிமம் விற்கும். கட்டற்ற மென்பொருளில் அந்த எழுத்து எல்லோருக்கும் திறந்திருக்கும். படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பணம் மிச்சம் என்பது இரண்டாவது விஷயம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் படித்த ஒருவர் சரிபார்க்க முடியும் என்பதுதான் முதல் விஷயம். கர்ணத்தின் திண்ணைக்குக் கீழே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரிய வேண்டும்.

எல்காட் சம்பந்தப்பட்ட ஒரு சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவன விவகாரத்தில் கேள்வி எழுப்பிய பிறகு தன்னை அங்கிருந்து மாற்றினார்கள் என்று உமாசங்கர் சொன்னார். 2010 ஜூலையில் தற்காலிகப் பணிநீக்கம். காரணம்? பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் கொடுத்த சாதிச் சான்றிதழ் பொய் என்ற புகார். அவர் இந்துவா, கிறித்தவரா என்ற பழைய கேள்வி. பழிவாங்கல் என்றார் அவர். தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் தெருவுக்கு வந்தார்கள், தேசிய பட்டியல் சாதி ஆணையம் தலையிட்டது, அடுத்த மாதமே அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது.

லட்சக்கணக்கான வரி நிரலைத் திறந்து வைக்க வேண்டும் என்று வாதாடிய மனிதரை வீழ்த்த ஒரு பக்கக் காகிதம் போதுமானதாக இருந்தது. அவருடைய திறமையிலோ நேர்மையிலோ கை வைக்க முடியாதபோது பிறப்பில் கை வைத்தார்கள். நம்மில் எவ்வளவு மேலே போனவருக்கும் அந்தக் கோப்பு தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கிறது.

2015இல் அவர் மீண்டும் செய்தியில் வந்தார், மதப் பிரசங்கம் செய்யக் கூடாது என்று அரசு எச்சரித்தபோது. அரசியல் சாசனம் தந்த உரிமை என்று அவர் பதில் சொன்னார். அவருடைய பிரசங்கங்களில் எங்களுக்கு உடன்பாடு இல்லை, சில எங்களைச் சங்கடப்படுத்தவும் செய்தன. ஆனால் ஆயுத பூஜை நடக்கிற அரசு அலுவலகங்களை வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் ஓர் அதிகாரி பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவதைத் தடுப்பது எந்த வகை மதச்சார்பின்மை? நமக்குப் பிடித்ததைப் பேசும்போது மட்டும் கருத்துரிமை கேட்பவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது.

2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தபோது அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்தார்கள்? சொல்லித்தர ஆளில்லை. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அம்பேத்கர் பெயரிலேயே சமூகக் கணினி மையம் நடத்தி, அங்கிருந்த பிள்ளைகள் ஜிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய செலவில்லை, பழைய கணினிகளும் வார இறுதியில் வந்து உட்காரும் சில இளைஞர்களும்தான். நம் இரவுப் பாடசாலைகளில் இதை ஏன் செய்யவில்லை என்பதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். அன்றைய கருவி அச்சு இயந்திரம். மற்றவர் பத்திரிகை நம் சொல்லைப் போடாது என்று தெரிந்ததும் 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' தொடங்கினார். இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்தார். ஆரம்பத்திலேயே அவதூறு வழக்கு, அபராதம். நிறுத்தவில்லை, ஏழு ஆண்டு நடத்தினார். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்'. 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்'. அதன் வருகை பற்றிக் காசு கொடுத்துப் போடச் சொன்ன விளம்பரத்தைக்கூட திலகரின் 'கேசரி' ஏற்கவில்லை. 1997இல் புனித பாண்டியனின் 'தலித் முரசு'. இன்று நம் சொல்லைப் போடலாமா, எத்தனை பேருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்வது கலிபோர்னியாவில் பூட்டிய நிரல். அன்று ஆசிரியர் மறுத்தால் மறுத்தவர் பெயராவது தெரிந்தது.

நம் பக்கத்துப் பாரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1918 கடைசியில் சிறையிலிருந்து வந்து கடையத்தில் குடியிருந்தபோது, எழுதுவதை வெளியிடும் முன் போலீஸ் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு இருந்தார். பாடப் புத்தகம் அதற்காக வருந்துகிறது, சரிதான். அவருக்கு முன்பே அச்சுக்காக அபராதம் கட்டிய இரட்டைமலையாருக்கும் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

இன்றைய கண்காணிப்பு அந்தக் காலத்துப் போலீஸ் போல் வாசலில் நிற்பதில்லை. பீமா கோரேகான் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் போர் வீரர்களின் நினைவு நாளையொட்டி 2017 டிசம்பர் 31இல் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்திலிருந்து தொடங்கியது. தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், பதிப்பாளர் சுதிர் தாவ்லே, அறிஞர் ஆனந்த் டெல்டும்டே, திருச்சி விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சாமி உள்ளிட்ட பதினாறு பேர் கைதானார்கள். முக்கியச் சாட்சியம் கணினியில் கிடைத்த கடிதங்கள். அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் ஆய்வு செய்து 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, ரோனா வில்சனின் கணினிக்குள் நெட்வயர் என்ற வேவு மென்பொருளை நுழைத்து, சுமார் இருபத்திரண்டு மாதம் உள்ளே இருந்து, அந்தக் கோப்புகளை வெளியாள் வைத்திருக்கிறார் என்றது. காட்லிங், ஸ்டேன் சாமி கணினிகள் பற்றியும் பின்னர் அப்படியே சொன்னது. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. தன் கணினியில் இருப்பதாகக் காட்டும் கோப்புகள் தன்னுடையவை அல்ல என்று கைதாகும் முன்பே காணொளியில் சொன்னார் ஸ்டேன் சாமி. 2021 ஜூலை 5இல், 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்ததில் தொடங்கியது வில்சனின் கணினிக் கதை. என்னிடம் மறைக்க எதுவும் இல்லையே என்று சொல்லும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இல்லாததைக் கொண்டுவந்து வைக்க முடியும்.

புதுக்கோட்டை வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த பிறகு நடந்ததும் இதன் இன்னொரு முகம். பாதிக்கப்பட்ட தெருவாரிடமே மரபணு மாதிரி கேட்டார்கள். குற்றம் செய்தவர்களைத் தேடாமல் எங்கள் இரத்தத்தைக் கேட்கிறீர்களா என்று சிலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தத் தெரு இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. அதே நாட்களில் அவர்கள் வீட்டுப் பேச்சு என்று சொல்லப்பட்ட ஒலிப்பதிவுகள் தொலைக்காட்சியில் ஓடின. வழக்கு எப்படியும் முடியட்டும். நீதிமன்றத்தில் இருக்க வேண்டிய ஒரு குடும்பத்தின் தொலைபேசிப் பேச்சு எப்படி ஊருக்குப் போனது?

இதற்கெல்லாம் பதிலாகத்தான் தனியுரிமைச் சட்டம் வருகிறது என்று எதிர்பார்த்தோம். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிரிவு 44(3) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்துகிறது. முன்பு, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் என்று கேட்டால், அது பட்டாதாரரின் தனிநபர் தகவல் என்று பதில் வரலாம். அதே சட்டத்தின் பிரிவு 17, அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. பறித்தவருக்குத் தனியுரிமை, வேவு பார்ப்பவருக்கு விலக்கு. மனு போடுகிற தோழர்கள் இனி 8(2) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்று அது இன்னும் சொல்கிறது.

உண்மை அறியும் குழுவில் போகிறவர்களுக்கு எங்கள் வழக்கம் இப்போது இது: முகத்தையும் வாக்குமூலத்தையும் வேறு வேறு கோப்பில் வைக்கிறோம். பேசியவரிடம் படித்துக் காட்டாமல் எதையும் வெளியிடுவதில்லை. உரையாடலுக்கு நிரல் திறந்திருக்கிற சிக்னல் செயலி. பாதிக்கப்பட்டவரின் தெருப் பெயரை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதில்லை. இதற்கு நேரம் பிடிக்கிறது, சில சமயம் செய்தி பழசாகிவிடுகிறது, அதற்காக எங்களைத் திட்டுகிற தோழர்களும் உண்டு.

பாஞ்சாகுளம் காணொளி இன்னும் இணையத்தில் இருக்கிறது. அன்று கடைக்குப் போன பிள்ளைகள் இப்போது வளர்ந்திருப்பார்கள். வேலைக்கோ கல்லூரிக்கோ போகிற இடத்தில் யாராவது அதைத் தேடி எடுத்துக் காட்டலாம். எங்கள் பழைய பதிவுகளில் முகம் மறைக்காமல் போட்ட படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வருகிறோம். 2022ஆம் ஆண்டுக்கானவை முடிந்தன. அதற்கு முந்தையவை இன்னும் நிறைய இருக்கின்றன.